கத்திச்செடிக்கு மண் போட்டவள்

மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோகாமல் அவள் எதையும் நம்பியதில்லை. குழாய்த் தண்ணீர், ரேஷன் அரிசி, புதுத் துடைப்பம், பக்கத்து அறைக் குழந்தையின் உச்சந்தலை, எல்லாவற்றுக்கும் ஒரே பரீட்சைதான். கண்ணை லேசாக மூடிக்கொண்டு ஒரே ஒரு தடவை மூக்கை உறிஞ்சுவாள். நன்றாக இருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டாள். கெட்டிருந்தால் சொல்லாமல் விடமாட்டாள். எதிரில் யார் இருக்கிறார்கள், என்ன சந்தர்ப்பம் என்பதெல்லாம் அவளுக்குக் கணக்கே இல்லை. "பூட்ச்சி" என்பாள். போய்விட்டது, கெட்டுவிட்டது என்று அர்த்தம்.

அடையாறில், ஆறு கடலோடு சேருகிற பக்கமாக இருந்த ஒரு பெரிய பங்களாவில் அவள் தோட்டக்காரி. என் அப்பா அங்கே டிரைவர். காம்பவுண்டின் பின்பக்கம், மோட்டார் ஷெட்டை ஒட்டி, வேலை செய்கிறவர்களுக்கென்று ஓடு போட்ட மூன்று அறைகள் உண்டு. முதல் அறையில் நாங்கள். நடுவில் சமையல்காரர் குடும்பம். கிணற்றை ஒட்டிய கடைசி அறையில் அவள் தனியாக இருந்தாள். அப்போது அவளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். கல்யாணம் ஆனவளா, புருஷன் இருந்தானா என்பதையெல்லாம் நான் ஒருநாளும் கேட்டதில்லை. அக்கா என்று கூப்பிட்டேன். பெயர் தெரியும். அதை இங்கே எழுதினால் அவளுக்கு ஏதோ திருப்பிச் செய்துவிட்டதாக எனக்கே தோன்றிவிடும். அதனால் எழுதவில்லை.

எனக்குக் காலேஜில் இடம் கிடைத்த அன்று அப்பா மயிலாப்பூரிலிருந்து லட்டு வாங்கிவந்தார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்து வாசலைத் தாண்டி உள்ளே போன முதல் ஆள் நான்தான். அதுவும் பி.யூ.சி.யோடு நிற்காமல் பி.எஸ்ஸி., தாவரவியல். அப்பா காக்கி உடுப்பைக்கூட மாற்றவில்லை. டப்பாவைத் திறந்து பிடித்தபடி ஒவ்வொரு அறையாகப் போனார். கடைசி அறை வாசலில் அவள் லட்டை வாங்கி, எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க மூக்கருகே கொண்டுபோனாள்.

"நைனா, இது பூட்ச்சி. சிக்கு வாடை அடிக்குது. கடைக்காரன் உன்ன நல்லா ஏமாத்திக்கீறான்."

அப்பாவின் முகம் சுருங்கிப்போனது. சமையல்காரர் மனைவி பாதி கடித்த லட்டைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார். அவளை அப்படியே கிணற்றில் தள்ளிவிடலாம் போல எனக்கு ஆத்திரம். அவளோ முழு லட்டையும் வாயில் போட்டுக்கொண்டாள்.

"கெட்டுப்போச்சுன்னு சொல்லிட்டு நீயே சாப்பிடறியேக்கா?" என்றேன் வெடுக்கென்று.

"பூட்ச்சின்னு சொன்னேன். துன்ன மாட்டேன்னா சொன்னேன்? நீ காலேஜி போறதுக்கு வந்த லட்டு இது. வெசமா இருந்தாலும் துன்னுவேன்."

அன்றிலிருந்து எனக்கு அவள் வைத்த பெயர் 'காலேஜி'.

எனக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பஸ்ஸிலிருந்து இறங்கி மற்ற பெண்களோடு வரும்போது அவள் காம்பவுண்டுச் சுவருக்கு மேலே தலையை நீட்டி "இன்னா காலேஜி, மய வர்ற மாதிரி கீது, கொட எட்த்துகினு போலியா?" என்று கத்துவாளே, அப்போதுதான் பிடிக்காது. அவள் யார் என்று தோழிகள் கேட்டால் "அங்கே வேலை செய்யறவங்க" என்பேன். நாங்களும் அங்கேதான் வேலை செய்கிறவர்கள் என்பது அந்தப் பதிலில் வராது.

அவளுடைய பேச்சைத் திருத்துவதும் என் வழக்கம். ஒருநாள் பூசணிக்காயைத் தட்டிப் பார்த்து "உள்ள அயுவிக்கீது" என்றாள்.

"அழுகியிருக்குன்னு சொல்லுக்கா."

"எப்பிடிச் சொன்னாலும் நாத்தம் ஒண்ணுதானே கண்ணு?"

மற்றவர்கள் தப்பைச் சொல்வதில் இருந்த அதே வேகம், தன் தப்பைச் சொல்வதிலும் அவளுக்கு உண்டு. ஒரு சாயங்காலம் பங்களா அம்மா முன் வராந்தாவில் நாலைந்து விருந்தாளிகளோடு டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பேசிய இங்கிலீஷைக் காதில் வாங்குவதற்காகவே நான் பக்கத்தில் ஏதோ வேலை இருப்பதுபோல் நின்றிருந்தேன். அப்போது அவள் சேற்றுக் காலோடு படியேறி வந்தாள். முந்தானையில் பச்சை நிறப் பீங்கான் துண்டுகள்.

"அம்மா, ஐயா வெளிநாட்லேர்ந்து கொண்ணாந்த தொட்டிய நான் ஒட்ச்சிட்டேன்."

ஒரு விருந்தாளி தன் கோப்பையைப் பார்த்தபடி புன்னகைத்தார். அம்மாவின் முகம் சிவந்தது.

"சரி, அப்புறம் பேசிக்கலாம். போ."

"அப்புறம்னா அதுக்குள்ள நீங்க டிரைவரக் கேப்பீங்க, சமையல்காரரக் கேப்பீங்க. அதான் இப்பவே சொல்ட்டேன்."

விருந்தாளிகள் போன பிறகு அம்மா சிரித்து மாளவில்லை. அதற்குப் பிறகு வீட்டில் எது காணாமல் போனாலும் முதலில் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவள் இல்லை என்றால் இல்லை. விசாரணை அதோடு முடிந்துவிடும்.

பங்களா அம்மாவைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். குன்னூரில் பிறந்து, கான்வென்டில் படித்தவர்கள். தமிழ் நன்றாகப் பேசுவார்கள், ஆனால் வாசிக்க வராது. தமிழில் கல்யாணப் பத்திரிகை வந்தால் என்னைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்வார்கள். எனக்குக் காலேஜில் இடம் கிடைக்கக் கடிதம் கொடுத்ததும் அவர்கள்தான். வருகிறவர்களிடம் "எங்க டிரைவர் பொண்ணு, பாட்டனி படிக்கிறா" என்று என்னை முன்னால் நிறுத்துவார்கள். அந்த ஒரு நிமிஷத்துக்காக நான் காலையிலேயே நல்ல தாவணியாகப் பார்த்துக் கட்டிக்கொள்வதுண்டு.

அம்மாவின் பிறந்த வீட்டைக் குன்னூரில் விற்றுவிட்டார்கள். விற்பதற்கு முன் அம்மா போய், அந்தத் தோட்டத்திலிருந்து ஐரிஸ் பூச்செடியின் கிழங்குகளைச் சாக்கில் சுற்றி எடுத்துவந்தார்கள். அறுபத்தெட்டிலோ அறுபத்தொன்பதிலோ, நான் அப்போது பள்ளியில்தான் இருந்தேன். இலைகள் கத்தி மாதிரி நிமிர்ந்து நிற்கும், அதனால் அக்கா அதற்குக் கத்திச்செடி என்று பெயர் வைத்தாள். வந்த சில மாதங்களில் நாலைந்து செடிகள் பூத்தன. மலைக்குளிரை உள்ளே வைத்துக்கொண்டே வந்தவை போலும். நீலப் பூ. கீழே தொங்கும் இதழின் நடுவில் மஞ்சளாக ஒரு வரி ரோமம். அவள் குனிந்து மூக்கை உறிஞ்சினாள்.

"கிரேப்ஸ் பயம் வாடை அடிக்குதும்மா."

அம்மா சட்டென்று வீட்டுக்குள் போய்விட்டார்கள். சின்ன வயதில் அவர்களும் அப்படித்தான், திராட்சைப் பழ வாசனை என்று, சொல்வார்களாம். பிற்பாடு சமையல்காரர் சொல்லித் தெரிந்தது.

அந்த ஐப்பசி மழையில் பாதிச் செடிகள் அழுகின. கல்வாழையைப்போல் ஆழமாக நட்டதுதான் காரணம் என்று கண்டு, அவள் நேரே அம்மாவிடம் போனாள். "கல்வாய மாதிரி ஆயமா நட்டுட்டேன். இது வேற ஜாதி. என் தப்புதான்." பிறகு மிச்சமிருந்ததைக் காப்பாற்ற அவள் செய்ததை நான் பார்த்தேன். ஒவ்வொரு கிழங்கையும் தோண்டி எடுத்து, கழுவி, கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பாள். பச்சை உருளைக்கிழங்கு மாதிரி கெட்டியாக இருந்தால் தனியே வைப்பாள். கொழகொழவென்று அமுங்கினால் விளிம்பு தேய்ந்த எவர்சில்வர் ஸ்பூனால், வெள்ளையாய் நல்ல சதை தெரியும்வரை சுரண்டுவாள். ஒரு கிழங்கைச் சுரண்டி முடித்ததும் ஸ்பூனை பிளீச்சிங் பவுடர் கரைத்த வாளியில் முக்கிவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவாள். சுரண்டிய கிழங்கும் அந்த வாளியில் ஒரு முழுக்குப் போடும். பிறகு மொட்டைமாடியில், வெட்டுவாய் மேலே பார்க்க, இரண்டு நாள் வெயில். வெட்டுவாயில் அடுப்புச் சாம்பல். நடும்போது மேடு கட்டி, வேர் மட்டும் உள்ளே போகும்படி, கிழங்கின் மேல்பாதி வெயிலில் கிடக்கும்படி நட்டாள்.

"எரும தண்ணியில படுத்துகினு கீற மாதிரி" என்றாள். "முதுகு வெளிய தெரியணும். முதுவ மூடினா செத்துரும்."

பிழைத்தவை அந்த மேட்டில் பெருகின. பூக்கவில்லை. ஆனால் எழுபத்தொன்றாம் வருஷம் மே மாதத்தில் இருபத்திரண்டு செடிகள் இருந்தன.

அந்த மே மாதம் ஐயாவும் அம்மாவும் வழக்கம்போல ரயிலில் மலைக்குப் போயிருந்தார்கள். எனக்குக் காலேஜ் விடுமுறை. அக்கா தன் மூத்த சகோதரி மகள் கல்யாணத்துக்கு சுங்குவார்சத்திரம் பக்கம் பதினைந்து நாள் போனாள். போகும்போது என்னிடம் "ரோஜாவுக்குத் தண்ணி ஊத்து. கத்திச்செடிய மட்டும் தொடாத. அது தூங்கிகினு கீது" என்றாள்.

அவள் போன மூன்றாம் நாள் எனக்கு ஒரு கடிதம் வந்தது. என் பெயரை இங்கிலீஷில் எழுதிய உறை. அம்மா எழுதியிருந்தார்கள். எனக்கென்று தபாலில் வந்த முதல் கடிதம் அது. மலையில் மழை, ஐயாவுக்கு இருமல் என்றெல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில், நீ பாட்டனி படிக்கிறவள், என் ஐரிஸை ஒரு கண் பார்த்துக்கொள் என்று ஒரு வரி. அந்த ஒரு வரியை எத்தனை தடவை வாசித்திருப்பேன் என்று தெரியாது.

உடனே போய்ப் பார்த்தேன். இலை நுனியெல்லாம் காய்ந்து பழுப்பேறியிருந்தது. கிழங்குகள் மண்ணுக்கு மேலே, வெயிலில் வெந்து, தோல் சுருங்கிக் கிடந்தன. முந்தைய டெர்மில்தான் வகுப்பில் நிலத்தடித் தண்டுகள் நடத்தியிருந்தார்கள். இஞ்சி, மஞ்சள், கல்வாழை, எல்லாம் மண்ணுக்குள் இருக்கும் தண்டுகள். படம் வரைந்து, பாகம் குறித்து, பத்துக்கு ஒன்பது வாங்கியிருந்தேன். பெயரிலேயே நிலத்தடி என்று இருப்பதை வெளியே போட்டுக் காயவிட்டிருக்கிறாளே இந்த அக்கா, கைநாட்டுக்கு இது எப்படித் தெரியும் என்று நினைத்தேன். கைநாட்டு என்ற அந்த வார்த்தையைத்தான் நினைத்தேன். என் அம்மாவும் கைநாட்டுதான் என்பது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

எருக்குழியிலிருந்து கூடை கூடையாக எருவும் மண்ணும் சுமந்துவந்து, ஒவ்வொரு கிழங்கின் மேலும் நாலு விரல் உயரம் அணைத்தேன். மஞ்சளுக்கு மண் அணைப்பதுபோலத்தான். மேலே வைக்கோல் பரப்பினேன். காலையும் மாலையும் ரப்பர் குழாயில் தண்ணீர் விட்டேன். ஒரே வாரத்தில் நடுக்குருத்துகள் பச்சைப் பசேலென்று எழும்பின. அன்று நான் நடந்த நடையைக் கண்ணாடியில் பார்த்திருந்தால் எனக்கே சிரிப்பு வந்திருக்கும். அம்மாவுக்கு இங்கிலீஷில் பதில் எழுதினேன். நான் பார்த்தபோது இப்படி இருந்தது, நான் இன்னது செய்தேன், நான் காப்பாற்றினேன். வரிக்கு ஒரு நான். தபாலில் போடவில்லை. அம்மா வந்ததும் தோட்டத்தையே காட்டி அசத்தலாம் என்று டிரங்குப் பெட்டியில் வைத்தேன்.

அக்கா திரும்பி வந்தபோது கல்யாண மஞ்சள் கையில் இன்னும் போகவில்லை. முறுக்குப் பொட்டலத்தை என் கையில் திணித்தாள். நான் அவளை இழுத்துக்கொண்டு மேட்டுக்குப் போனேன்.

"பாருக்கா, எவ்ளோ பச்சையா இருக்கு!"

அவள் இலையைப் பார்க்கவில்லை. மேட்டுக்குப் பத்தடி தூரத்திலேயே நின்றுவிட்டாள். மூக்கு ஒரு தடவை உறிஞ்சியது.

"யாரு மண்ணு போட்டது?"

"நான்தான்."

"ஏன்?"

"அது நிலத்தடித் தண்டுக்கா. மண்ணுக்குள்ளதான் இருக்கணும். எங்க காலேஜில..."

அவள் குனிந்து, அந்தப் பச்சைக் குருத்துகளில் ஒன்றைப் பிடித்து லேசாகத் தூக்கினாள். எந்த எதிர்ப்பும் இல்லாமல் அது கையோடு வந்துவிட்டது. அடியில் பழுப்பாகக் கஞ்சி மாதிரி ஒழுகியது. நான் தாவணித் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அவள் பொத்தவில்லை.

திட்டுவாள் என்று நின்றேன். "வாளி எட்த்தா" என்றாள். அவ்வளவுதான். அன்று முழுக்கத் தோண்டினாள், சுரண்டினாள். நான் பிளீச்சிங் பவுடர் கரைத்துக் கொடுத்தேன். என் விரல் தோல் உரிந்தது. இருபத்திரண்டில் நாலு தேறின. அந்த நாலும் கட்டைவிரல் அளவுதான். மாடியில் அவற்றைக் காய வைத்துவிட்டு இறங்கும்போது படியில் நின்று சொன்னாள்:

"அம்மா வந்ததும் சொல்லிடு."

"சொல்றேன்க்கா."

"காரு வந்து நின்னதும் சொல்லிடணும், காலேஜி. அப்பால சொல்லிக்கலாம்னு வெச்சுக்காத. அது கஷ்டம்."

சொல்லிவிடுவேன் என்றுதான் நானும் நம்பியிருந்தேன். இங்கிலீஷில் சொல்வதா தமிழில் சொல்வதா என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

ஜூன் மாதம் பாதியில் அப்பா சென்ட்ரலிலிருந்து அவர்களை அழைத்துவந்தார். அம்மா காரைவிட்டு இறங்கியதும் வீட்டுக்குள்கூடப் போகவில்லை, நேரே மேட்டுக்குத்தான் போனார்கள். காலி மண்ணில் நாலு குட்டிக் கிழங்குகள். பல்லி வாலை விட்டுப்போன மாதிரி இருந்தது. குன்னூர் வீடு இப்போது யாருடையதோ. கேட்டு வாங்க இன்னொரு கிழங்கு கிடையாது. அது எனக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும்.

"எப்படி ஆச்சு இது?"

"மண்ணப் போட்டு மூடி, தண்ணி விட்டு, அயுவிப் போச்சிம்மா" என்றாள் அக்கா.

"நீ மூடினியா?"

"நான் இல்லம்மா."

"பின்னே யாரு?"

அவள் என் பக்கம் திரும்பவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். எனக்காகத்தான் காத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அப்பா டிக்கியிலிருந்து எடுத்த பெட்டியைக் கீழே வைக்காமல் நின்றார். பெட்டியின் பூட்டில் வெயில் பளபளத்தது. அந்தப் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு சொல் போதும், "நான்தான்மா". இதோ சொல்கிறேன், இதோ சொல்கிறேன் என்று வாய்க்குள்ளேயே இருந்தது.

"உன்னைத்தான் கேக்கறேன். யாருன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்மா. ஆனா நான் சொல்ல மாட்டேன். அது செஞ்சவுங்க சொல்றது."

"என்கிட்டயே இப்படிப் பேசறியா? உன் ஊர் ஆள் யாரையாவது உள்ளே விட்டியா?"

அம்மா என் பக்கம் திரும்பினார்கள். அவர்கள் குரல் என்னிடம் பேசும்போது மட்டும் கொஞ்சம் இறங்கும். அன்றும் இறங்கியது.

"நீ பார்த்தியாம்மா? உனக்கு எழுதியிருந்தேனே."

"நான் லைப்ரரிக்குப் போயிட்டிருந்தேன்மா" என்றேன். "தோட்டத்துப் பக்கமே போகலை."

அப்போதுதான் அக்கா என்னைப் பார்த்தாள். கண்ணை லேசாக மூடி, மூக்கை ஒரே ஒரு தடவை உறிஞ்சினாள். லட்டு கொடுத்த அன்று செய்ததைப் போலவே. அதற்குப் பிறகு வழக்கமாக வரவேண்டிய சொல் வருமென்று காத்து நின்றேன். வரவில்லை.

மாத முடிவில் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அவள் செய்திருக்க மாட்டாள் என்பதை அம்மா முழுசாக நம்பினார்கள். தன்னிடம் சொல்ல மறுத்ததைத்தான் அவர்களால் பொறுக்க முடியவில்லை.

நடுவில் பன்னிரண்டு நாள் இருந்தது. பன்னிரண்டு நாளும் அவள் களை பறித்தாள், ரோஜாவுக்கு மருந்தடித்தாள், என்னைப் பார்த்தால் "துன்னியா?" என்று கேட்டாள். நான் ஒருநாள் கிணற்றடியில் அவளைத் தனியாகப் பிடித்து, "நீயே சொல்லியிருக்கலாமேக்கா" என்றேன். எவ்வளவு கேவலமான கேள்வி அது!

"நான் சொன்னா நீ சொன்னதா ஆவாதே" என்றாள். பிறகு வாளியை இறக்கிக்கொண்டே, "நீ சொல்லுவே. எனக்குத் தெரியும். கொஞ்சம் லேட்டாவுது, அவ்ளோதான்" என்றாள்.

அவள் போன அன்று ஒரு தகர டிரங்கு, ஒரு பாய், சட்டி பானை ஒரு சாக்கில். ரிக்‌ஷாவில் ஏறி உட்கார்ந்தவள் என்னைக் கூப்பிட்டு விளிம்பு தேய்ந்த அந்த ஸ்பூனைக் கொடுத்தாள். "முதுகு வெளிய இருக்கணும்" என்றாள். மறுநாள் காலையில் காரைத் துடைத்துக்கொண்டே அப்பா, என்னைப் பார்க்காமல், "நீ கூடையில மண்ணு சுமந்துட்டுப் போனதை நான் ஷெட்லேர்ந்து பார்த்தேன்" என்றார். நான் நின்றேன். அவர் துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். டிரங்குப் பெட்டியிலிருந்த கடிதத்தை அன்று வெந்நீர் அடுப்பில் போட்டேன்.

பிறகு ஒருநாள் அம்மாவின் புத்தக அலமாரியில் ஒரு தோட்டப் புத்தகம் கண்ணில் பட்டது. ஐரிஸ் பக்கத்தைத் திருப்பினேன். கிழங்கின் மேல்பகுதி வெயிலில் இருக்க வேண்டும், மூடினால் அழுகும், அழுகினால் நல்ல சதை வரை சுரண்டி, உலர்த்தி, மேலாக நட வேண்டும். அச்சடித்த எழுத்தில், அக்கா செய்தது அத்தனையும் இருந்தது. எருமை மட்டும்தான் இல்லை. அந்த அலமாரியை எப்போது வேண்டுமானாலும் திறந்துகொள்ள எனக்கு அனுமதி உண்டு. படித்தவள் என்று மண்ணை வாரிக்கொண்டு போன நான், படிக்க மட்டும் செய்யவில்லை.

நாலு கிழங்கும் என் பொறுப்புக்கு வந்தன. அக்கா செய்தபடியே செய்தேன். இரண்டாம் வருஷம், மார்கழிப் பனி கொஞ்சம் கூடுதலாக இருந்ததாலோ என்னவோ, தை மாதம் ஒன்று பூத்தது. சின்னப் பூதான், ஆனால் நீலம். அம்மா ஊரிலுள்ளவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார்கள். "மெட்ராஸில் ஐரிஸ்! எல்லாம் இவ கை. படிச்சவ கையே தனி." நான் தலையைக் குனிந்து சிரித்தேன். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். அன்று சொல்லியிருக்கலாம். அதற்கு அடுத்த நாளும் சொல்லியிருக்கலாம். அக்கா படியில் நின்று சொன்னது சரிதான். தள்ளிப்போடப் போட, சொல்வதற்கு வேண்டிய சொற்கள் கூடிக்கொண்டே போகின்றன. முதலில் இரண்டு சொல்லாக இருந்தது இப்போது இத்தனை பக்கம்.

இப்போது நான் ஒரு பெண்கள் கல்லூரியில் தாவரவியல் டெமான்ஸ்ட்ரேட்டர். மேற்கு மாம்பலத்தில் வீடு எடுத்து என் அப்பா அம்மாவை அழைத்துவந்துவிட்டேன். சென்ற வருஷம் முதலாண்டு மாணவிகள் பத்துப் பேரை தி. நகரில் ஒரு பூங்காவுக்குக் கூட்டிப்போனேன். கல்வாழைப் பாத்தியின் ஓரத்தில் நின்று, தோண்டிக் கிடந்த ஒரு கிழங்கைக் கையில் தூக்கிப் பிடித்து, "இது நிலத்தடித் தண்டு" என்று ஆரம்பித்தேன்.

"இன்னா காலேஜி!"

பாத்திக்குள் குந்தியிருந்த நாலு பெண்களில் ஒருத்தி களைக்கொத்தோடு எழுந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. மாணவிகள் களுக்கென்று சிரித்தார்கள். அவள் சேற்றுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து, என் கையைப் பிடித்து மூக்கருகே கொண்டுபோனாள்.

"சாக்பீஸ் வாடை! டீச்சரா ஆயிட்ட, இல்ல?"

"ஆமாக்கா."

"நைனா நல்லா கீறாரா?"

"இருக்காருக்கா."

"அந்த நாலு இன்னா ஆச்சி?"

"ஒண்ணு பூத்துச்சுக்கா."

"நீலமா?"

"நீலம்தான்."

பூங்கா முழுக்கக் கேட்கும்படி சிரித்தாள். பாத்தியிலிருந்த பெண்களிடம் திரும்பி, "நான் நட்டதுடி! குன்னூரு செடி, இங்க பூத்துச்சாம்!" என்று கத்தினாள். அந்த முகத்தில் எங்காவது கோபம் இருக்கிறதா என்று தேடினேன். இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். பிறகு, மழை வருமா என்று கேட்பதுபோல அவ்வளவு சாதாரணமாக, என் மாணவிகள் பத்துப் பேர் எதிரில் கேட்டாள்:

"அம்மா கிட்ட சொன்னியா?"

"என்ன மிஸ், எதைச் சொல்லணும்?" என்றாள் ஒரு மாணவி ஆர்வமாக.

நான் கையிலிருந்த கிழங்கைப் பார்த்தேன். "இன்னும் இல்லக்கா" என்றேன்.

"செரி" என்றாள். ஆச்சரியப்படவில்லை. திரும்பிப் போய்ப் பாத்தியில் குந்திக்கொண்டாள்.

அதன் பிறகு இரண்டு தடவை அடையாறு பஸ் ஏறி அந்தக் கேட் வரை போனேன். முதல் தடவை உள்ளே யாரோ விருந்தாளிகளின் கார் நின்றது. இரண்டாம் தடவை எதுவும் நிற்கவில்லை. அப்படியும் திரும்பிவிட்டேன்.

அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். எழுதிவிட்டால் சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தேன். முடிக்கப்போகிற இந்த இடத்தில்தான் உறைக்கிறது. அம்மாவுக்குத் தமிழ் வாசிக்க வராது. அக்காவுக்கு எந்த எழுத்தும் வராது. இது போய்ச் சேர வேண்டியவர்கள் உலகத்தில் இரண்டே பேர். அந்த இரண்டு பேர் கண்ணிலும் படாத இடமாகப் பார்த்துத்தான் எழுதி வைத்திருக்கிறேன்.

பூங்காவுக்குப் போய் அக்காவுக்கு இதை வாசித்துக் காட்டலாம். களைக்கொத்தை மடியில் வைத்துக்கொண்டு கடைசிவரை கேட்பாள். லட்டு வரும் இடத்தில் சிரிப்பாள். தாளை வாங்கி மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தாலும் பார்ப்பாள். பிறகு கேட்பாள்.

"இதெல்லாம் செரி காலேஜி. அம்மா கிட்ட சொன்னியா?"